எட்டேகால் வண்டி

“வரட்டும்... வரட்டும்... போதும்ங்க” என்று கிளமென்ட் பஸ்ஸின் முதுகில் தட்டினான். பஸ் நிற்கவில்லை. இன்னும் நாலு முழம் உருண்டு வந்து வாசல் பந்தலின் மூங்கிலை முட்டியது. மூங்கில் சாய்ந்து ஒரு கீற்று சரிந்து விழுந்தது. நரைத்த மீசைக் கிளீனர் ஓடிவந்து ஒரு மரக்கட்டையைப் பின்சக்கரத்துக்கு அடியில் செருகினார். அப்புறம்தான் நின்றது.

“இடம் பத்தலை” என்று கிளமென்ட் யாரும் கேட்காமலே சமாதானம் சொன்னான்.

வாசற்படியில் உட்கார்ந்து அப்பாவின் கறுப்பு ஷூவைத் துடைத்துக்கொண்டிருந்த அவன் அக்கா பாக்கியமேரி தலையை நிமிர்த்திப் பார்த்தாள். பஸ்ஸின் பின்னால் வெள்ளை எழுத்தில் ‘செல்லக்கிளி மோட்டார் சர்வீஸ்’ என்று போட்டிருந்தது. அதற்குக் கீழே 4712. துணி பிடித்திருந்த கை அப்படியே நின்றுவிட்டது.

முந்தின நாள் சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் அப்பா போய்விட்டார். ஒன்றரை மாதமாகவே படுக்கைதான். கால் வீங்கி, நெஞ்சு அடைத்து, தலையணை மூன்றை முதுகுக்குக் கொடுத்தால்தான் மூச்சு வரும் என்கிற நிலைமை. ஐம்பத்துநாலு வயசு. வேலையில் இன்னும் ஒரு வருஷம் பாக்கி இருந்தது. அற்புதசாமி என்று அவர் பேரைச் சொல்லிக் கேட்டால் ஸ்ரீரங்கத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது. பிரேக் இன்ஸ்பெக்டர் என்றால் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஜட்கா வண்டிக்காரன்கூட வீட்டைக் காட்டுவான். பஸ்ஸோ லாரியோ, ரோட்டில் ஓடத் தகுதியாக இருக்கிறதா என்று வருஷத்துக்கு ஒரு தடவை அவர் பார்த்துச் சர்ட்டிபிகேட் கொடுக்க வேண்டும். எஃப்.சி. என்பார்கள். அந்தக் காகிதம் இல்லாமல் வண்டியை வெளியே எடுக்கக் கூடாது.

4712க்கு அந்தக் காகிதத்தை எழுதியது பாக்கியமேரி.

மூன்று வாரத்துக்கு முன்னால்தான். செல்லக்கிளி முதலாளி தர்மராஜின் ஆள் ஒரு பூவன் வாழைத்தாரைக் கூடத்து மூலையில் சாத்திவிட்டு, ஃபாரத்தைக் கட்டில்மேல் வைத்துவிட்டுப் போனான். அப்பா லீவு போட்டிருக்கவில்லை. லீவு போட்டால் வேறொருவன் வந்து உட்கார்ந்துவிடுவான் என்று பயம். “பாக்கியம், அதை எழுதிடும்மா” என்றார். அவள் திருத்திக்கொண்டிருந்த பள்ளிக்கூடத்து நோட்டுகளைத் தள்ளிவைத்துவிட்டு எழுதினாள். இது புதிதல்ல. நாலு வருஷமாக அப்பா பேச, அவள் எழுதிக்கொண்டிருந்தாள். அப்பாவுக்கு எழுத்து கோழி கிளறின மாதிரி. அவளுக்குக் கன்னியாஸ்திரீகள் முட்டியில் அடித்துச் சொல்லிக்கொடுத்த முத்து எழுத்து. ஸ்டீயரிங்: குட். பிரேக்: குட். டயர்: குட். விளக்கு: குட்.

“எல்லாத்துக்கும் குட்டுன்னு போட்டா மேல உள்ளவனுக்குச் சந்தேகம் வரும்” என்று சொல்லிவிட்டு அப்பா மூச்சு வாங்கினார். “ஹார்னுக்கு மட்டும் ஃபேர்னு போடு.”

அவள் சிரித்துக்கொண்டே போட்டாள். சிரித்ததைத்தான் இப்போது நினைக்க முடியவில்லை. கையெழுத்துப் போட அட்டையைத் தூக்கிப் பிடித்தவளும் அவள்தான். போட்டு முடித்த அப்பா காகிதத்தை வெளிச்சத்தில் தள்ளிப் பிடித்துப் பார்த்து, “உன் எழுத்துல படிச்சா ஓட்டை வண்டிகூடப் புதுசா இருக்குடி” என்றார். அன்றைக்கு அவளுக்குப் பெருமையாக இருந்தது.

அப்பா எப்போதும் இப்படி இருந்தவர் இல்லை. அவளுக்குப் பத்து வயசு இருக்கும்போது அவளையும் சைக்கிளில் வைத்துக்கொண்டு போவார். ஆற்றங்கரை ரோட்டில் சாக்கட்டியால் ஒரு கோடு போடுவார். வண்டியை இருபது மைல் வேகத்தில் வரச் சொல்லுவார். கோட்டைத் தொட்டதும் டிரைவர் பிரேக் அடிக்க வேண்டும். கோட்டிலிருந்து வண்டி நின்ற இடம்வரைக்கும் அப்பா எட்டு வைத்து எண்ணுவார். பதினைந்து எட்டுக்குள் நிற்க வேண்டும், இல்லையென்றால் திருப்பி அனுப்பிவிடுவார். அவளும் பின்னாலேயே குட்டை எட்டு வைத்து எண்ணிக்கொண்டு போய் முப்பது என்பாள். “உன் கணக்குல ஜில்லாவுல ஒரு வண்டியும் ஓட முடியாது” என்று சிரிப்பார்.

பிறகு ஒரு லாரியை நிறுத்திவைத்ததற்காக அவரை வேறு ஜில்லாவுக்குத் தூக்கி அடித்தார்கள். எட்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தபோது கோட்டுப் பையில் சாக்கட்டி இல்லை. அதற்குப் பிறகு வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு வருவதோடு சரி. ஒரே நாலு நல்ல டயரை வண்டிக்கு வண்டி மாட்டிக்கொண்டு வருவார்கள். ஒட்டுப் போட்ட இடத்தை வைத்து டயரை அடையாளம் கண்டுபிடித்து, “இந்த டயர் இந்த வருஷம் பதினோரு தடவை பாஸ் ஆயிருக்கு” என்று வீட்டில் வந்து சொல்லுவார். எல்லோரும் சிரிப்பார்கள். கடைசியில் அந்த ஒரு நடையும் நின்றுபோய் ஃபாரம் மட்டும் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது.

அவர்கள் குடியிருந்த வீடு தர்மராஜின் வீடு. அவளிடம் எந்த பஸ்ஸிலும் கண்டக்டர் டிக்கெட் கேட்டதில்லை. “இன்ஸ்பெக்டர் வீட்டு டீச்சரம்மா, முன்னால உட்காருங்க” என்பார்கள். அவளும் உட்காருவாள்.

ஷூவை அப்படியே படியில் வைத்துவிட்டு எழுந்தாள்.

பஸ்ஸின் பின்பக்கத்துச் சீட்டுகளைக் கழற்றிவிட்டுப் பெட்டி வைக்க இடம் பண்ணியிருந்தார்கள். கல்லறை ஆற்றுக்கு அக்கரையில், பாலக்கரைக்கும் அப்பால். மூன்று மைலுக்கு மேல் போக வேண்டும். நடுவில் கோயிலில் பூசை. சாமியார் பத்தரைக்கு வரச் சொல்லியிருந்தார். பங்குனி வெயில் ஒன்பது மணிக்கே ரோட்டில் கால் வைக்க விடவில்லை. விஷயம் காதில் விழுந்ததும் தர்மராஜ் தானாகவே வண்டியை அனுப்பியிருந்தார். உறவுக்காரப் பெண்கள் அதற்குள் ஏறி இடம் பிடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். கிளமென்ட்டின் மகள் லூர்து, ஆறு வயசு, ஜன்னலோரத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து வெளியே தலையை நீட்டியிருந்தாள்.

“அத்தே, நான் இங்கதான் உட்காருவேன். தாத்தா பின்னால படுத்துக்குவாங்களாம்.”

“சரி, தலையை உள்ள எடு” என்றாள் பாக்கியம். டிரைவர் பக்கம் சுற்றிக்கொண்டு போனாள்.

குத்புதீன் கீழே இறங்கி, துண்டைத் தலையிலிருந்து எடுத்துக் கையில் மடித்து வைத்துக்கொண்டு நின்றார். இருபது வருஷமாகச் செல்லக்கிளியில் டிரைவர். அப்பாவைக் கண்டால் எந்த இடத்திலும் வண்டியை ஓரம் கட்டிச் சலாம் வைப்பார். கண் சிவந்திருந்தது. அழுதுவிட்டுத்தான் வந்திருக்கிறார் என்று தெரிந்தது.

“பாய், இது எட்டேகால் வண்டிதானே?”

“ஆமாங்க டீச்சரம்மா. காலை ட்ரிப்பை நிறுத்திட்டு இதையே கொண்டு போன்னாரு முதலாளி. ஐயாவுக்குன்னு.”

“பிரேக் எப்படி இருக்கு?”

“எஃப்.சி. ஆயிருக்குங்களே” என்றார். குத்திக்காட்டச் சொன்னதில்லை. யார் கேட்டாலும் சொல்லுகிற பதில். சொன்ன பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தார்.

“அதை எழுதினது நான்தான் பாய்.”

குத்புதீன் துண்டை இன்னொரு மடிப்பு மடித்தார். “தெரியும்ங்க. ஐயா எழுத்து அப்படியா இருக்கும்?”

அவளுக்குக் காது சூடேறியது. இத்தனை நாளாக இவர்களுக்கெல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான் முன் சீட்டைக் காட்டியிருக்கிறார்கள்.

“பிரேக்கைப் பத்திக் கேட்டேன்.”

“மிதிச்சா கால் பலகை வரைக்கும் போவுதுங்க. நாலு மிதி மிதிச்சா லேசாப் பிடிக்கும். கியரை இறக்கி, கைப் பிரேக்கையும் இழுத்து எப்படியோ நிறுத்திப்புடுவேன். பழகிப்போச்சு. காலி வண்டின்னா ஒண்ணும் இல்லை. ஆள் ஏறினாத்தான்.”

“பாலத்துல?”

“ஏறுறதுக்குப் பயமில்லை. அந்தப் பக்கம் சிந்தாமணி இறக்கத்துலதாங்க. மாட்டு வண்டி ஏதும் குறுக்க வந்துடக் கூடாது. தினம் அல்லாவை நெனச்சுக்கிட்டுதான் இறக்குறேன். ஹார்ன் மட்டும் நல்லாயிருக்கு, அதை அடிச்சுக்கிட்டே இறங்கிடுவேன்.”

“முதலாளிகிட்ட சொல்லலையா?” என்றாள் பாக்கியம்.

“சொல்லாம இருப்பேனா? ‘இன்ஸ்பெக்டரே நல்லாயிருக்குன்னு எழுதிக் குடுத்துட்டாரு, நீ என்ன அவரைவிடப் பெரிய இன்ஸ்பெக்டரா?’ன்னாரு. அதுக்கு மேல நான் என்னங்க பேச?”

உள்ளே கூடத்தில் பெட்டி திறந்தபடி இருந்தது. தலைமாட்டில் இரண்டு மெழுகுவத்தி. அம்மா சகாயம்மாள் கையில் செபமாலையோடு ஒரு பக்கமாக உட்கார்ந்திருந்தாள். இரவு முழுக்க அழுதது போக இப்போது உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. அப்பாவின் அக்கா, முட்டியைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து, வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“என் தம்பி பார்த்துப் பாஸ் பண்ணின வண்டி வந்து நிக்குது பாருங்க. அதுலேயே கடைசியாப் போறான். எத்தனை பேருக்கு அது வாய்க்கும்?”

பாக்கியம் தம்பியைச் சமையலறைக்குள் கூட்டிக்கொண்டு போனாள். கிளமென்ட் பொன்மலையில் ரயில்வே கிளார்க். சட்டென்று கோபம் வருகிறவன், சட்டென்று அழுகிறவன்.

“கிளமென்ட், நடந்து போயிடலாம்டா.”

“எங்க?”

“கோயிலுக்கு. கல்லறைக்கு. பெட்டியைத் தூக்கிக்கிட்டு.”

“வெயில் உனக்குத் தலைக்கு ஏறிடுச்சா அக்கா? அத்தை முட்டியை வச்சுக்கிட்டு எப்படி வரும்? அந்த மனுஷன் தானா அனுப்பியிருக்காரு. திருப்பி அனுப்பினா என்ன நினைப்பாரு?”

“அந்த வண்டியில பிரேக் இல்லை.”

“அப்பா பார்த்த வண்டி அது. போன மாசம்தான்...”

“அப்பா பார்க்கலை. போன மாசம் அப்பாவால கட்டிலை விட்டு இறங்க முடிஞ்சுதா? நான்தான் எழுதினேன். கட்டில் பக்கத்துல உட்கார்ந்து, எல்லாம் குட்டுன்னு எழுதினேன்.”

கிளமென்ட் திரும்பிக் கதவைப் பார்த்தான். “மெதுவாப் பேசு” என்றான். “எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? எல்லா ஊர்லயும் இப்படித்தான் நடக்குது. இப்ப நீ வெளிய போய் இதைச் சொன்னா அவரு பேரு என்னாகும்? பெட்டியை இன்னும் மூடலைக்கா. ஒரு மணி நேரம் பொறுத்துக்கக் கூடாதா? தினம் அம்பது பேரு போய்க்கிட்டுதானே இருக்காங்க?”

அவன் சொன்னது தப்பில்லை என்றுதான் அவளுக்கும் ஒரு நிமிஷம் பட்டது. அப்பாவின் முகத்தைப் பார்த்தால் இன்னும் தூங்குகிற மாதிரி இருக்கிறது. அவர் முகத்துக்கு எதிரே நின்று அவர் செய்ததை ஊருக்குச் சொல்ல வேண்டுமா? அது பெற்ற மகள் செய்கிற வேலையா? ஒரே ஒரு நடை. மெதுவாகப் போகச் சொன்னால் போகிறது.

“லூர்து ஜன்னல்கிட்ட உட்கார்ந்திருக்கா” என்றாள். “அவளை அதுல அனுப்புறியா?”

கிளமென்ட் தண்ணீர்ப் பானையின் மூடியை எடுத்தான். மறுபடியும் மூடினான்.

அப்போது கூடத்திலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. ராத்திரி முழுக்க யாரிடமும் பேசாதவள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி பேசினாள்.

“பஸ் வேண்டாம். நடந்து போவோம். இது தபசு காலம். உசிரோட இருந்தப்ப ஒரு வெள்ளிக்கிழமை சிலுவைப் பாதைக்கு வந்தவரில்லை. அவருக்குப் பதிலா நாம நடக்கலாம்.”

ஒரு கிழவர், “நல்ல காரியம்மா” என்றார். வெளியே செய்தி போனது. பஸ்ஸில் ஏறியவர்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். லூர்து மட்டும் இறங்க மாட்டேன் என்று அழுதாள், அவள் அம்மா இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள். அத்தைக்கு ஒரு ஜட்கா பிடித்துவர கிளமென்ட் ஓடினான். எதிர்வீட்டு ஐயங்கார் தன் வீட்டு வாசலில் நின்றபடி, “பத்தினி வாக்கு” என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது பாக்கியத்தின் காதில் விழுந்தது.

அம்மாவின் முந்தானையைச் சரிசெய்கிற மாதிரி அவள் குனிந்தாள். “சமையக்கட்டுல பேசினது கேட்டுச்சாம்மா?”

“கேட்காட்டித்தான் என்ன?”

“உனக்கு முன்னாடியே தெரியுமா?”

அம்மா செபமாலையில் அடுத்த மணிக்கு விரலை நகர்த்தினாள். அம்மாவுக்குப் பஸ் ஒத்துக்கொள்ளாது, ஏறினால் வாந்தி வரும். இது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக்கூட ரயிலில் டவுன் ஸ்டேஷனுக்குப் போய் இறங்கி அங்கிருந்து நடப்பாள்.

“எனக்கு ஒரு வாந்தியும் வராதுடி” என்றாள் அம்மா மெதுவாக. “கல்யாணமான புதுசுல நான் பஸ்ஸுல போகாத ஊரு கிடையாது. அவருதான் ஏறாதேன்னாரு. ஏன்னு நான் கேட்கலை. பத்து வருஷமாச்சு.”

பாக்கியம் நிமிர்ந்தாள். அவளுக்கு எட்டரை வண்டி ஞாபகம் வந்தது. பள்ளிக்கூடத்து வேலை கிடைத்த முதல் நாளே அப்பா சொல்லியிருந்தார், “எட்டேகாலுக்குப் போகாதேம்மா. எட்டரைக்குப் போ. கூட்டம் இருக்காது.” எட்டரையிலும் கூட்டம் இருக்கத்தான் இருந்தது. தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பெண்களைத் தாண்டி அவள் முன் சீட்டுக்குப் போவாள். அப்பாவுக்கு அவள்மேல் எவ்வளவு பிரியம் என்று நினைத்துக்கொள்வாள். பிரியம்தான். எந்த வண்டி நிற்கும், எது நிற்காது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. தன் வீட்டுக்காரர்களை மட்டும் பார்த்துப் பார்த்து வேறு பக்கம் ஏற்றிவிட்டிருக்கிறார்.

எட்டேகாலில் அவளுடைய ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர் வருகிறார்கள். சீக்கிரம் வந்து வராந்தாவில் உட்கார்ந்து ஒருத்தி நோட்டைப் பார்த்து ஒருத்தி கணக்கு எழுதுவார்கள். கமருன்னிசா, இரட்டைச் சடை போட்ட பாப்பாயி, எப்போதும் இருமிக்கொண்டிருக்கும் அந்தச் சின்னப் பெண். இன்றைக்கு வியாழக்கிழமை. நாளைக்குப் பள்ளிக்கூடம் உண்டு.

அவள் வெளியே வந்தபோது குத்புதீன் சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தார். முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது.

“நல்லதாப் போச்சுங்க. அப்ப நான் வண்டியை ஷெட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போறேன். பெட்டியை எடுக்குறப்ப வந்துடுறேன், நானும் ஒரு தோள் குடுக்கணும். பன்னிரண்டு மணிக்குத் தொட்டியம் ட்ரிப் இருக்கு.”

“பாய், அந்தக் காகிதத்தைக் குடுங்க.”

“எதுங்க?”

“எஃப்.சி.”

அவர் தலைக்கு மேலே இருந்த தகரப் பெட்டியைத் திறந்து, பர்மிட்டுக்கு அடியிலிருந்து அதை எடுத்தார். கொடுக்கவில்லை, கையிலேயே வைத்திருந்தார்.

“இது இல்லாம வண்டியை எடுக்கலாமா பாய்?”

“கூடாதுங்க. எடுக்க மாட்டேன்னு டிரைவர் சொல்லலாம். சட்டப்படி சொல்லலாம்.”

“சொல்லுவீங்களா?”

குத்புதீன் ஸ்டீயரிங்கைத் துண்டால் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார். “வீட்டுல ஒம்பது பேருங்க” என்றார். “காகிதம் எங்கேன்னு முதலாளி கேட்டா நான் என்ன சொல்ல?”

“நான் வாங்கிட்டுப் போனேன்னு சொல்லுங்க. என்னை வந்து கேட்கச் சொல்லுங்க. பள்ளிக்கூடத்துக்கு வந்து கேட்டாலும் பதில் சொல்றேன்.”

“என்னன்னு சொல்லுவீங்க?”

“பார்க்காம எழுதினேன்னு சொல்றேன். அப்பாவும் பார்க்கலை, நானும் பார்க்கலைன்னு.”

இதை வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் அவள் வீட்டைத் திரும்பிப் பார்த்தாள். இந்த வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டியிருக்கும். அம்மாவை எங்கே கூட்டிக்கொண்டு போவது? கிளமென்ட் அவளோடு பேசுவானா? பள்ளிக்கூடத்துக் கன்னியாஸ்திரீகள் காதுக்குப் போனால் வேலை என்னாகும்? இதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. ஆனாலும் நீட்டிய கையை அவள் மடக்கவில்லை.

குத்புதீன் காகிதத்தைக் கொடுத்தார். சாவியை எடுத்து உள்பையில் போட்டுக்கொண்டு இறங்கினார். கிளீனரைப் பார்த்து, “முன் சக்கரத்துக்கும் ஒரு கட்டை போடுப்பா” என்றார்.

அவள் வீட்டுக்குள் போகும் வழியில் காகிதத்தைப் பிரித்தாள். எழுத்து அழகாகத்தான் இருந்தது. ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது. வரிசையாகக் குட், குட், குட். ஹார்ன்: ஃபேர். கீழே அப்பாவின் கையெழுத்து, கோட்டை விட்டுச் சரிந்து போயிருந்தது. அன்றைக்கு அவள் கொஞ்சம் கவனமாக அட்டையைப் பிடித்திருந்தால் நேராக வந்திருக்கும். அதையா நினைக்கிறோம் என்று அவளுக்கே சீ என்று ஆனது.

பெட்டியை மூடுவதற்கு முன் ஒவ்வொருவராகக் குனிந்து நெற்றியில் முத்தம் கொடுத்தார்கள். பாக்கியம் முதலில் ஷூவை மாட்டிவிட்டாள். வீங்கின காலில் அது போகவில்லை, குதிகால் வெளியேதான் நின்றது. நாடாவைத் தளர்த்தி ஒருமாதிரி மூடிவைத்தாள். பிறகு தலைமாட்டுக்கு வந்தாள். அவளுக்கு அழுகை வர வேண்டும் என்று எல்லோரும் காத்திருக்கிற மாதிரி இருந்தது. வரவில்லை. வெட்கமாக இருந்தது. உயிரோடிருந்தபோது ஒரு தடவைகூட “ஏம்ப்பா?” என்று கேட்காத வெட்கம். கேட்டிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார் என்று தெரியவில்லை. கேட்பாள் என்று காத்திருந்தாரோ என்னவோ.

காகிதத்தை நாலாக மடித்து அவருடைய கோட்டின் மேல்பையில் வைத்தாள். முன்பு சாக்கட்டி வைக்கிற பை. கிழித்துப் போட அவளுக்கு மனசு வரவில்லை. தன்னிடம் வைத்துக்கொள்ளவும் முடியவில்லை.

“என்னடி அது?” என்றாள் அத்தை.

“அப்பாவோட காகிதம்தான் அத்தை.”

அம்மா பார்த்தாள். அப்பாவின் மார்பில் இருந்த சிலுவையைக் கொஞ்சம் நகர்த்தி அந்தப் பையின் மேல் வைத்தாள். தச்சன் மூடியை வைத்து ஆணி அடித்தான்.

தூக்கியவர்களில் குத்புதீனும் இருந்தார். கிளமென்ட் முன்னால், அவருக்கு எதிர்த் தோள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அத்தையின் ஜட்கா பின்னால் வந்தது. செருப்பில்லாமல் நடந்த அம்மாவுக்குத் தெருவில் பெண்கள் தண்ணீர் கொண்டுவந்து பாதத்தில் ஊற்றினார்கள். மாம்பழச்சாலையில் கடைக்காரர்கள் எழுந்து நின்றார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து வந்திருந்த ஒரு டீச்சர் பாக்கியத்தின் பக்கத்தில் வந்து, “பஸ் வாசல்லயே நின்னும் வேண்டாம்னுட்டு நடக்குறீங்க. இந்தக் காலத்துல யாருக்கு இந்தப் பக்தி வரும்?” என்றாள். பாக்கியம் தலையைக் குனிந்துகொண்டாள். அதையும் அந்த டீச்சர் அடக்கம் என்றுதான் எடுத்துக்கொண்டிருப்பாள்.

காவேரியில் தண்ணீர் இல்லை. பாலத்தின் கீழே மணலில் யாரோ வேட்டிகளைக் காயப்போட்டிருந்தார்கள். லூர்து நடக்க ஆரம்பித்த பிறகு அழுகையை விட்டுவிட்டாள். பாக்கியத்தின் கையைப் பிடித்துக்கொண்டு மணலில் கிடந்த ஒவ்வொரு வேட்டியாக எண்ணிக்கொண்டு வந்தாள்.

பாலம் முடிந்து சிந்தாமணி இறக்கம் தொடங்குகிற இடத்தில் பின்னால் ஹார்ன் கேட்டது. எல்லோரும் ஓரம் ஒதுங்கினார்கள். வேறொரு கம்பெனி பஸ். கூடைக்காரிகளும் மூட்டைகளுமாக நிறைந்திருந்தது. பெட்டியைப் பார்த்ததும் கண்டக்டர் தொப்பியைக் கழற்றினான். பாக்கியத்தை அடையாளம் தெரிந்துகொண்டு நெஞ்சில் கை வைத்தான். அவளுக்கு அந்த வண்டியின் நம்பர் ஞாபகம் இல்லை. எத்தனையோ எழுதியாயிற்று. அதற்குள் இருக்கிற காகிதத்தில் எழுத்து யாருடையது என்பது மட்டும் தெரியும்.

லூர்து கையை உதறிவிட்டு பஸ்ஸுக்கு டாட்டா காட்டினாள்.

பாக்கியம் அவள் கையை மறுபடியும் பிடித்தாள். பிள்ளையைப் பாலத்துச் சுவர்ப் பக்கம் மாற்றிவிட்டு, தான் ரோட்டுப் பக்கமாக நடந்தாள்.